அறக்குளா பிடிக்க ஒரு வள்ளம்

வீரய்யாவுக்குத் தெரியாத சங்கதி என்று இந்த உலகத்தில் ஒன்று உண்டா? வட்டவளைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். வீரய்யாவையே கேட்டால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வான். ஒன்பது வருசமாகத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரை ஓட்டுகிறவன். கொழும்பு தெரியும், கண்டி தெரியும், பதுளை தெரியும். கொழும்பில் ஒருநாள் காருக்குள் உட்கார்ந்தபடியே கடலைப் பார்த்துவிட்டு வந்து, "என்னா பெரிய கடலு? ஓரமா மண்ணு, மிச்சமெல்லாம் தண்ணி, அவ்வளவுதான்" என்று லயத்து வீட்டு ஆட்களிடம் ஒரே பேச்சில் முடித்துவிட்டவன்.

அப்படிப்பட்டவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அறுபத்திரண்டாம் வருசம் ஆனி மாசத்தில்.

துரை சீமைக்குத் திரும்பப் போகிறார். ஆவணியில் கப்பல். இருபத்தைந்து வருசம் இந்த மழையில் நனைந்த மனுசனுக்குப் போகிற நேரத்தில் ஓர் ஆசை. கடலில் இறங்கித் தூண்டிலில் ஓர் அறக்குளா பிடித்துவிட வேண்டும். அட்டன் மீன்கடையில் துண்டு துண்டாக வெட்டி விற்கிற அந்தப் பெரிய மீன் உயிரோடு இழுத்தால் எப்படி இழுக்கும் என்று பார்க்க வேண்டுமாம். ஆபீசுக்கு வந்து மேசையைத் தட்டினார்.

"ஒரு போட் வேணும். மீன் எங்கே நிக்கும் தெரிஞ்ச ஆள் வேணும். யார் புக் பண்றது?"

பெரிய கிளாக்கர் சிவசாமி முந்திக்கொண்டார். "நீர்கொழும்புல எனக்குத் தெரிஞ்ச முதலாளி ஒருத்தர் இருக்கார் சேர். ஒரு தந்தி போதும்."

கார்ச் சாவியோடு வாசலில் நின்ற வீரய்யாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "இந்த மாசத்துல நீர்கொழும்புக் கடல்ல எறங்குனா, தொர அறக்குளாவப் புடிக்க மாட்டாரு, அறக்குளாதான் தொரயப் புடிக்கும்" என்றான்.

துரை திரும்பினார். "என்ன? நீ பேசு."

"தொர, இந்தா நம்ம தலையில ஊத்துதே இந்த மழ, இது எங்கேருந்து வருது? மேக்கேயிருந்து. அந்தக் கடலக் கலக்கிப்புட்டுத்தான் இங்க வருது. பட்டிப்பொல சொரங்கத்துல பாத்திருக்கீங்கல்ல? இந்தப் பக்கம் ரயிலு நனஞ்சுக்கிட்டு நொழையும், அந்தப் பக்கம் வெயில்ல வெளிய வரும். மழ மலையத் தாண்டலீங்க. அப்ப அந்தப் பக்கத்துக் கடலு எப்புடி இருக்கும்? தொட்டித் தண்ணியாட்டம் கெடக்கும். போறதுன்னா கெழக்க போகணும். கல்குடாவுக்குப் போகணும்."

துரைக்கு அது சரியாகப் பட்டது. முகத்திலேயே தெரிந்தது. சிவசாமிக்கு மூஞ்சி சுருங்கிப் போயிற்று. விடுவாரா அவர்?

"கல்குடான்னு ஏன் சொல்றான் தெரியுமா சேர்? இவன் தங்கச்சி அங்கதான் இருக்கா. கருவாடு விக்க வந்தவனோட ஓடிப் போனவ."

ஆபீசில் இருந்த அத்தனை பேரும் குனிந்து பேனாவைப் பார்த்தார்கள். துரைக்கு மட்டும் இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. "அந்த ஆள் போட் வெச்சிருக்கா?" என்று கேட்டார்.

"மிசின் பூட்டுன வள்ளம் வெச்சிருக்கான்னு கேள்விங்க" என்றான் வீரய்யா. குரல் இறங்கியிருந்தது.

"நல்லது. நீயே புக் பண்ணு. போட் இல்லாட்டி, நீயும் இல்லை." துரை சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

கதை இதுதான். ஏழு வருசத்துக்கு முன்னால் சாமித்தம்பி என்ற மட்டக்களப்புப் பையன் சம்பளச் சனிக்கிழமைகளில் கருவாட்டுச் சாக்கோடு ரயிலேறி வந்து லயம் லயமாக விற்பான். வீரய்யாவின் தங்கை பேச்சியம்மா வாங்கினாள், வாங்கினாள், வீட்டில் திரும்பின பக்கமெல்லாம் கருவாடு. என்னடி இவ்வளவு என்று கேட்கக்கூட ஒருத்தருக்கும் புத்தி போகவில்லை. ஒருநாள் பதுளை ரயிலில் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அப்பா இராமையா ஒரு மாசம் கத்தித் தீர்த்துவிட்டு அடங்கிவிட்டார். அடங்காதவன் வீரய்யாதான். "அந்த நாத்தம் இந்த வாசல் ஏறக் கூடாது" என்றான். பேச்சி எழுதிய மூன்று கடிதங்களையும் உடைக்காமலே திருப்பி அனுப்பினான். மூன்றாம் வருசம் அப்பா படுக்கையில் விழுந்தார். "பேச்சிக்கு எழுதிட்டியாடா?" என்று தினம் கேட்டார். "எழுதிட்டேம்ப்பா" என்றான். எழுதவில்லை. அப்பா போன பிறகும் எழவு சொல்லி விடவில்லை. தோட்டத்துக்கே கேட்கப் பேசுகிறவன் இந்த ஒன்றை மட்டும் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. நாலு வருசமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தது.

அன்று சாயங்காலம் வள்ளத்து விசயத்தைக் கேட்ட பெண்டாட்டி நாகலெட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கிக்கூட வைக்காமல் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் வாயடிக்கிற மனுசன், ஒரு கடுதாசிக்குப் போயி பயப்படுறீங்களே!"

"பயமா? எனக்கா? குடு அந்தப் பேனாவ."

எழுதினான். 'கனம் சாமித்தம்பி அவர்களுக்கு. எங்கள் துரை அறக்குளா மீன் பிடிக்க மிசின் வள்ளம் ஒன்று மூன்று நாளைக்குத் தேவை. மீன் இருக்கும் இடம் தெரிந்த நீங்களே கூட வர வேண்டும். வாடகையும் தேதியும் பதிலில் தெரிவிக்கவும். இப்படிக்கு வீரய்யா, டிரைவர்.'

நாகலெட்சுமி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இது என்னாங்க, கவுருமெண்டுக் கச்சேரிக்கு எழுதுன மனு மாதிரி இருக்கு? பேச்சி பேரு எங்க?"

"தொர போட்டுதான கேட்டாரு? பேச்சியவா கேட்டாரு?"

அவள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

பதில் வருவதற்குள்ளேயே போட் முடிந்துவிட்டது என்று வீரய்யா வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. எட்டாம் நாள் தபாலில் கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சியின் கை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார வைத்து அவனே பிடித்து ஆனா ஆவன்னா எழுத வைத்த கை.

'வள்ளம் இருக்கிறது. மீனும் இருக்கிறது. கடல் இப்போது நல்லது. ஆனால் இது கடிதத்தில் பேசி முடிக்கிற காரியம் இல்லை. கேட்க வேண்டியவர் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். இப்படிக்கு சாமித்தம்பி.'

மூன்று தடவை படித்தான். நலமா என்று ஒரு சொல் இல்லை. அவன் எழுதிய மாதிரியே எழுதியிருக்கிறாள், கழுதை!

"போட் ஓகே?" என்றார் துரை.

"ஓகேங்க தொர."

வீட்டில் நாகலெட்சுமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடப் பாவி மனுசா, எத நம்பிக் கெளம்புறீங்க?"

"என் வாய நம்பித்தான்" என்றான் வீரய்யா. "நேருல பாத்து நாலு வார்த்த பேசுனா மலையே எறங்கி வரும். எந்தங்கச்சி வர மாட்டாளா?"

விடியக் கிளம்பினார்கள். நுவரெலியா வரைக்கும் மழை காரைப் போட்டு அடித்தது. ஹக்கலை தாண்டி இறங்க இறங்க மேகம் பின்வாங்கி, வெலிமடையில் சுள்ளென்று வெயில். துரை கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தார். "வீரய்யா, நீ கெட்டிக்காரன்!" என்றார். வீரய்யாவுக்குத் தலை கார்க் கூரையில் இடிக்காத குறைதான். பிபிலை தாண்டியதிலிருந்து பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். முதலில் சுகம் விசாரிக்கணும். பிறகு பழசை மறந்திடுவோம் என்று பெரியமனுசத்தனமாக ஒரு வார்த்தை. அழுதாள் என்றால் அதட்டணும். அப்புறம் சிரிக்க வைத்துவிட்டு வள்ளத்தைக் கேட்கணும். எல்லாம் சரியாக இருந்தது.

நாலரை மணிக்குக் கல்குடா ரெஸ்ட்ஹவுஸ். கடல் அவன் சொன்ன மாதிரியே அசையாமல் கிடந்தது. துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சின்னப் பிள்ளை போல மணலில் நடந்தார். "நாளைக்குக் காலை நாலு மணிக்குப் போட். போய்ச் சொல்லிட்டு வா."

"சொல்லிட்டு வாறேங்க."

வழி கேட்டுக் கேட்டுப் போனான். தென்னங்கிடுகு வேலி, சாணம் போட்டு மெழுகின வாசல், கிணற்றடியில் ஒருத்தி. கறுத்து, கொஞ்சம் பருத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். வா என்று சொல்லவில்லை.

"என்னா வேணும்?"

"கடுதாசி போட்டிருந்தேன்..."

"வந்துச்சு. தொர இருந்தாரு, வள்ளம் இருந்துச்சு, மீனு இருந்துச்சு, வாடகை இருந்துச்சு. எல்லாந்தான் இருந்துச்சு." பேச்சி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்பா செத்ததுக்கு ஒரு வரி எழுத முடியல. தொர மீன் புடிக்க எழுத முடிஞ்சுது. யாரோ கருவாட்டுக்காரன் வந்து எங்கிட்ட சொல்றான், ஒங்கப்பன் போயி மாசம் ஒண்ணாச்சாமேன்னு. வழிப்போக்கன் சொல்லி நான் அழுவேனா? அழலயே. இன்னக்கி வரைக்கும் அழல."

பிபிலையிலிருந்து ஓட்டிப் பார்த்த பேச்சில் ஒரு சொல்கூட அவன் வாயில் இல்லை.

"வள்ளந்தான் வேணும்னா அவரு கரையில நிக்கிறாரு. போயிக் கேளுங்க. இல்லேன்னு சொல்ல மாட்டாரு, நல்ல மனுசன். துட்டுக் குடுத்தா யாருக்கும் விடுவாரு. ஆனா அப்புடிப் போறதுன்னா அப்புடியே போயிடணும். திரும்ப இந்த வாசல்ல நிக்கக் கூடாது."

வேலிக்கு அந்தப் பக்கம் கரை தெரிந்தது. நூறு அடி தூரம். அங்கே போனால் வள்ளம் நிச்சயம், வேலை நிச்சயம். சிவசாமி முகத்தில் கரியும் பூசலாம். வீரய்யா ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். எழவு சொல்லப் போகிறவன் கட்டுகிற மாதிரி.

"வள்ளம் கேக்க வரல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"பேச்சி..." துண்டின் முடிச்சை இறுக்கினான். "அப்பா தவறிட்டாரும்மா."

அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் ஒன்னத்தான் கேட்டாரு. பேச்சிக்கு எழுதிட்டியா, எழுதிட்டியான்னு கேட்டாரு. எழுதிட்டேன்னு பொய் சொன்னேன். வந்துருவ, வந்துருவன்னு வாசலப் பாத்துக்கிட்டே போயிட்டாரு. நாந்தான் பாவி. என்னைய நீ செருப்பால அடி, வாங்கிக்கிறேன். அழுதுரு தாயி."

"ஐயோ அண்ணே!" என்று பேச்சி ஓடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே, நாலு வருசத்து அழுகை அது. என்னப் பெத்த ராசா, வாசலப் பாத்தியா, வழியப் பாத்தியா என்று தோட்டத்து லயத்தில் பெண்கள் அழுகிற அதே ராகத்தில், அந்தக் கடற்கரைக்கே கேட்க அழுதாள். அவனும் அழுதான். வெட்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது?

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். "என்னகா? ஆரு மோசம் போனது?"

"எங்கப்பா" என்றாள் பேச்சி.

ஒருத்தி தலைமயிரை அவிழ்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். எப்போது செத்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கரையிலிருந்து இடுப்பில் ஒட்டிய ஈரச் சாரத்தோடு சாமித்தம்பி ஓடி வந்தான். பெண்டாட்டியைப் பார்த்தான், வீரய்யாவைப் பார்த்தான், இடுப்புத் துண்டைப் பார்த்தான். புரிந்துகொண்டான். பக்கத்தில் வந்து வீரய்யாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், வள்ளம் ஆயத்தமாத்தான் வெச்சிருந்தன். ஆனா எங்கட வீட்டில அழுகை விழுந்தா மூணு நாளைக்குக் கடல்ல இறங்கிறல்ல. உங்கட துரைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"நான் பாத்துக்கிறேன் மாப்புள" என்றான் வீரய்யா. மூக்கைச் சிந்தினான். குரல் பழையபடி திரும்பியிருந்தது.

ரெஸ்ட்ஹவுஸ் விறாந்தையில் துரை தூண்டில் சாமான்களை மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். "நாலு மணி சொன்னியா?"

"நாளைக்குப் போட் இல்லீங்க தொர. வீட்டுல சாவு."

துரை எழுந்துவிட்டார். "ஐயோ. யார் செத்தது?"

"எங்கப்பாங்க."

துரை அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன் அப்பா? இராமையா? இராமையா செத்து நாலு வருசம் ஆச்சு. பெட்டிக்கு நான்தானே பலகை குடுத்தேன்?"

"ஆமாங்க தொர. இன்னக்கித்தாங்க தங்கச்சிக்குச் சொன்னேன்."

கடல் பக்கம் அழுகைச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. துரை அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தூண்டில்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

"எத்தனை நாள்?"

"மூணு நாளுங்க."

"நாலாம் நாள் மீன் இருக்குமா?"

"இருக்குங்க தொர" என்றான் வீரய்யா. கண் சிவந்திருந்தது, வாய் அசரவில்லை. "அது எங்க போயிரும்? நான் சொல்றேன்ல."

"சரி. புக் பண்ணு" என்றார் துரை. "இப்போ நீ அங்கே போ."