துரோகிக்கு நேரியோவின் முகம்

துரோகி சீட்டு எனக்குக் குலுக்கலில்தான் விழுந்தது. அது அக்டோபர் மாதம், மரச்செதுக்கு மாலை வகுப்பு தொடங்கிய புதிது. அப்போது என் அண்ணன் நேரியோ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. எது முன், எது பின் என்பது முக்கியம். யாரும் கேட்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இத்தாலியில் எங்கள் ஊரான பொலோன்யாவின் பழைய தாரோ படச்சீட்டுகளைப் பார்த்துப் புதிய சீட்டுக்கட்டு ஒன்றை உருவாக்குவதுதான் எங்கள் ஆசிரியை வன்னாவின் திட்டம். படங்கள் பழைய மாதிரி இருக்க வேண்டும், முகங்கள் மட்டும் எங்கள் தெருக்காரர்களுடையவை. ரொட்டிக்கடைக்காரி சந்திரன் சீட்டில் சந்திரன் ஆனாள். தபால்காரர் சன்னியாசி ஆனார். வெளியூர்களில் இந்தச் சீட்டை வைத்துக் குறி பார்ப்பார்கள். எங்கள் தெருமுனைக் கிளப்பில் விளையாடுவார்கள். நான்கு பேர், எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி.

அந்தக் கட்டில் ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்குபவனுக்கு எங்கள் ஊரில் துரோகி என்று பெயர். ஏன் என்று நூலகத்தில் தேடினேன். முன்பெல்லாம் ஊருக்குத் துரோகம் செய்தவனை இப்படித் தலைகீழாகப் பொதுச் சுவரில் வரைந்து வைப்பார்களாம். பார்த்தவுடன் ஆள் யாரென்று தெரிய வேண்டும். அதனால் நானும் முகத்தில்தான் அதிகக் கவனம் வைத்தேன்.

எனக்கு மாதிரியாக நேரியோ பூங்காவின் இரும்புக் கம்பியில் முழங்காலை மடித்துத் தொங்கினான். அவனுடன் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் லெயார்கோ அவன் கால்களைப் பிடித்துக்கொண்டார். கிளப்பில் பல வருடங்களாக இருவரும் ஒரே கட்சி.

"சீக்கிரம் வரை மிர்தா, ரத்தமெல்லாம் மூக்குக்கு வருது."

"மீசைய ஆட்டாத."

"நீ நிதானமா வரைம்மா," என்றார் லெயார்கோ. "கிளப்புல இவன் போடுற சீட்டைவிட இது ஒண்ணும் கேவலமா இல்ல."

எங்கள் சீட்டுகளுக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் கிடையாது. கையில் வந்த சீட்டை நேராகத் திருப்பினால், படச்சீட்டு வந்திருக்கிறது என்று எதிராளி கண்டுபிடித்துவிடுவான். அதனால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பக்கமும் செதுக்க வேண்டும். இரண்டு வழிகளில் வரைந்து பார்த்தேன். ஒன்றில் இரண்டு ஓரங்களிலும் கட்டிய கால்கள் மட்டும். மற்றதில் ஒவ்வொரு பாதியிலும் முழு ஆள், நடுவில் உச்சியோடு உச்சி மோதும் இரண்டு தலைகள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று நவம்பர் முழுக்கத் தடுமாறினேன்.

"முகம் இவ்வளவு நல்லா வந்திருக்கு, காலை வெச்சு என்ன பண்றது?" என்றார் வன்னா.

முகம் உள்ளதையே செதுக்கினேன். கிறிஸ்துமஸுக்குள் அச்சடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டோம்.

ஜனவரியில் தொழிற்சாலையை வெளிநாட்டுக்கு மாற்றப்போவதாக நிர்வாகம் சொன்னது. ஒரு பிரிவை மூடச் சம்மதித்தால் மீதி இங்கேயே இருக்கும். நேரியோ தொழிலாளர் பிரதிநிதி. கையெழுத்துப் போட்டான். மூடிய பிரிவு லெயார்கோவுடையது.

"போடலைன்னா எல்லாரும் தெருவுல நின்னிருப்போம்," என்று ஒரு தடவை சூப் சாப்பிடும்போது சொன்னான். அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

கிளப்பில் சீட்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் பரப்பி வைத்திருந்தார்கள். காபி போடும் ஆர்ஜா என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள்.

"ஏம்மா மிர்தா, உனக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரிஞ்சுது? எனக்கும் ஒரு லாட்டரி நம்பர் சொல்லிட்டுப் போயேன்."

சிரித்தார்கள். நான் அக்டோபர் என்று ஆரம்பித்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

கார்னிவல் திருவிழாவின் சீட்டாட்டத்தை எங்கள் சீட்டுகளை வைத்து ஆடுவதாக ஏற்பாடு. அதற்குள் கால்கள் மட்டும் உள்ள சீட்டைச் செதுக்கி மாற்றிவிடலாமா என்று வன்னாவிடம் கேட்டேன். சரி என்றார். வீட்டில் பலகையும் உளியுமாக உட்கார்ந்திருந்தபோது நேரியோ பார்த்துவிட்டான்.

"அதை எடுக்காத. எடுத்தா நான் துரோகின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"இருந்தா?"

"லெயார்கோ வந்து எதிர்ல உக்காந்தா போதும். மத்தவங்க என்ன சொன்னா என்ன. அவன் வருவானா, அதுதான் தெரியல."

உளியைக் கீழே வைத்தேன். எடுப்பதும் தப்பு, விடுவதும் தப்பு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

லெயார்கோ வந்தார். வழக்கமான நாற்காலியில், நேரியோவுக்கு எதிரே உட்கார்ந்தார். நேரியோவின் இறுகியிருந்த தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். நான் லெயார்கோவின் பின்னால் நின்றேன். நிற்பவர்கள் ஆட்டம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது, அது கிளப்பின் விதி. ஆடுபவர்களும் கூட்டாளியிடம் கையிலுள்ள சீட்டைப் பற்றிப் பேச முடியாது. மேசையைத் தட்டலாம். உன்னிடம் இருப்பதில் பெரியதைப் போடு என்று அர்த்தம்.

நேரியோ ஒரு சீட்டைப் போட்டு, முஷ்டியால் மேசையைத் தட்டினான்.

லெயார்கோவின் கையில் சூரியன் இருந்தது. சந்திரனும் இருந்தது. இரண்டுமே துரோகியைவிடப் பெரிய சீட்டுகள். அவர் விரல் இரண்டையும் தாண்டிப் போய்த் துரோகியை எடுத்து வைத்தது.

நேரியோ அதைப் பார்த்தான். பிறகு ஒரு விரலால் அந்தச் சீட்டை மெல்லத் திருப்பினான். மேலே மறுபடியும் அவனே தொங்கினான். இன்னொரு முறை திருப்பினான்.

"எந்தப் பக்கம் திருப்பினாலும் நீதான்டா," என்றார் லெயார்கோ, குரலை உயர்த்தாமல். "உன் தங்கச்சி நல்லாவே செதுக்கியிருக்கா."

உண்மையான பாராட்டுதான் அது. அக்டோபர், ஜனவரி என்று என் வாய்க்குள் எல்லாம் வரிசையாக இருந்தது. நான் நிற்பவள்.

அந்தச் சுற்றை வென்ற எதிராளி சீட்டுகளை வாரிக்கொண்டார். ஆட்டம் சுற்றி மறுபடி நேரியோவிடம் வந்தது. அவன் ஒரு சீட்டைப் போட்டு மேசையைத் தட்டினான். லெயார்கோ சூரியனைக் கையில் விரித்திருந்த சீட்டு விசிறியின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, இருப்பதில் சின்னதைத் தேடிக்கொண்டிருந்தார்.