இரவல் கூடாரத்துக்கு ஆல்ட்ரேஷன்

எங்கள் கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு தன் தையல் கடைக்கு ஓடி ஒரு பேன்ட்டுக்குப் பட்டன் வைத்துவிட்டு வந்த மனிதர் என் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருடமாக அவரிடமிருந்து 'லீவு' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவரை இரண்டு நாள் காட்டு ஏரிக்குக் கிளப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் தம்பியிடம் கூடாரத்தை இரவல் வாங்கினேன், வனத்துறையில் இடம் பதிவு செய்தேன். ஏதாவது சிக்கல் வந்தால் அன்றைக்கே திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மனிதர் வண்டியில் ஏறினார்.

ஏரிக்கரையில் வனக்காவலர் ஒரு பெண். ஆறு மணிக்குள் கூடாரம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற வேண்டும், வண்டியில் தூங்கவும் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது நாலே முக்கால்.

கூடாரம் நிற்கவில்லை. கம்பியை வளைத்து ஓரத்து வளையத்தில் செருகப் போனால் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கம்பி சரியில்லை என்றார் அவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போன மாதம் இதே கம்பியில்தான் என் தம்பி குடும்பம் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தது.

துணியைத் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை புது நூலில் இரட்டைத் தையல். அந்தத் தையலை எனக்குத் தெரியாதா? என் எல்லா ஜாக்கெட்டிலும் இருப்பது அதுதானே.

"என்னங்க இது?"

"கொஞ்சம் லூசா இருந்துச்சு. பிடிச்சுட்டேன்."

கொக்குக்கு ஒன்றே மதி! இரவல் கூடாரத்துக்கு ஆல்ட்ரேஷன் செய்தவரை உலகத்தில் வேறு யாராவது பார்த்திருக்கிறார்களா? எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. கடைக்குத் திரும்பத்தானே இந்த வேலை என்று கேட்டேவிட்டேன்.

அவர் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைத் திருகிக்கொண்டே நின்றார். காட்டுக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

"ஏரிக்காத்து அடிக்கும். உனக்குத் தோள்வலி வேற. லூசான சட்டைக்குள்ளதான் காத்து நுழையும். அதான்."

அதற்கு மேல் என்னத்தைத் திட்டுவது? பிளேடை எடுங்கள் என்றேன். எப்படியும் சட்டைப்பையில் ஒன்று இருக்கும். அவர் ஒரு பக்கம் பிளேடால் பிரிக்க, மறுபக்கம் நான் நகவெட்டியால் பிரித்தேன். பாவி மனுஷன், பிரிக்கவே முடியாதபடி நெருக்கித் தைத்திருந்தார். காவலர் பெண் இரண்டு தடவை வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது கம்பி வளையத்தில் விழுந்தது. கூடாரம் எழுந்து நின்றது. உள்ளே போய் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

வெளியே வந்தால், பக்கத்துக் கூடாரத்துக்காரர் கையில் ஒரு பையோடு நிற்கிறார். நாங்கள் பிரித்ததைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பையின் ஜிப் போய்விட்டதாம், அண்ணன் டெய்லர் போலிருக்கிறதே என்றார். அவருக்குப் பின்னால் ஓர் அம்மாள் கிழிந்த மழைச்சட்டையோடு வந்துகொண்டிருந்தாள். போச்சு, இரண்டு நாளும் போச்சு. ஏரிக்கரையில் கிளை திறந்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் பையை வாங்கினார். ஜிப்பை ஒரு தரம் இழுத்துப் பார்த்ததுமே கோளாறு பிடிபட்டுவிட்டது. முகம் மலர்ந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"கடை ரெண்டு நாள் லீவுங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீர் ஓரமாகப் போய் பேன்ட்டை மடித்தார். இரண்டு காலும் ஒரே அளவுக்கு மடிந்திருக்கிறதா என்று குனிந்து சரிபார்த்துவிட்டுத்தான் ஏரியில் இறங்கினார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். கழுத்திலிருந்த டேப்பை மெல்ல உருவினேன். தலையைக் குனிந்து கொடுத்தார்.