மறுக்க முடியாத கோப்பை

இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் நகரில் அந்த இலையுதிர் காலத்தில் மூன்று சிறு மதுக்கூடங்கள் புதிதாகத் திறந்தன. இறைச்சிக் கடையாக இருந்த முதலாவதில் கூரைக் கொக்கிகள் இன்னும் தொங்கின. சனிக்கிழமை மாலை நான்கு மணி. இசையோ தொலைக்காட்சியோ இல்லை. சுவரோரப் பலகைகளில் பன்னிரண்டு பேர், முழங்கால் முழங்காலோடு இடிக்க, எதிரெதிரே அமர்ந்திருந்தனர். அவ்வறையில் எவர் கோப்பையும் எவர் கண்ணுக்கும் தப்பாது.

பேருந்துப் பணிமனையில் முப்பதாண்டு ஒன்றாக உழைத்து ஓய்வுபெற்ற கிளைவ், நெவில், ராய் ஆகிய மூவரும் அங்கே இருந்தனர். ஓரிடத்துக்கு ஒருவராக, முறைவைத்து எல்லோருக்கும் வாங்குவது அவர்கள் வழக்கம். தன் முறையில் ஒருவனை விட்டுவிட்டு வாங்குவது அவன் முகத்தில் அறைவதற்கு ஒப்பு என்று கிளைவ் நம்பினார். அந்நம்பிக்கையில் வஞ்சம் ஏதுமில்லை.

"எனக்கு லெமனேட் போதும்பா," என்றார் ராய்.

"சர்ச்சோட ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூடத்துல இருந்து பிள்ளைங்க மாதிரி சுற்றுலாவா வந்திருக்கோம்?"

"மாத்திரை சாப்பிடறேன், கிளைவ்."

"நான் ஏழு சாப்பிடறேன். எதை ஊத்தி முழுங்கறேன்னு நினைக்கிற?"

நெவில் சிரித்தார். கருநிற மது ததும்பும் பெரிய கோப்பை ராயின் முன் வந்து அமர்ந்தது.

ராயின் கல்லீரல் நைந்துவிட்டிருந்தது. ஆறு திங்கள் ஒரு துளியும் தீண்டாதிருந்தால், மாற்று உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது பற்றிப் பார்க்கலாம் என்று மருத்துவர்கள் கூறியிருந்தனர். ஐந்து திங்களும் ஒன்பது நாளும் கடந்திருந்தன. வரும் திங்கட்கிழமை இரத்தப் பரிசோதனை. மகள் ஹிலரி ஒருத்தியே இதனை அறிவாள். நோயாளி என்று தெரிந்தால் பலகையில் தனக்கு இடமிராது என அஞ்சி, நண்பர்களிடம் அவர் மறைத்தார். வீட்டின் மௌனம் தாளாமல் இன்று வந்துவிட்டார்.

கோப்பையைத் தொடாமலே நேரத்தைக் கடத்தினார். எதிரே இருந்த அந்நியர் ஒருவர், "என்ன அய்யா, பூ வைக்கவா வாங்கினீங்க?" என்றார். அறை முழுதும் நகைத்தது.

செருப்புத் தைக்கும் கடையாக இருந்த இரண்டாவது கூடத்தில் ராயின் முறை. நண்பர் இருவருக்கும் வாங்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு அமர்ந்தார். கிளைவ் எழுந்துபோய், அவருக்கும் ஒன்றைத் தாமே வாங்கி வந்தார்.

"நாங்க குடிக்கிறோம், நீ உக்காந்து பாக்கற. வேவு பாக்க வந்தவன் மாதிரி இருக்குடா. எங்களோட குடிக்க அவ்வளவு கசக்குதா?"

அங்கிருந்த முகங்களெல்லாம் திரும்பின. தொலைவில் தேவாலயத்து மாலைப் பாடலுக்கான மணி ஒலித்தது. இளமையில் அங்கே பாடிய குரல் ராயினுடையது. மணியோசை அடங்கும்வரை கோப்பையைப் பார்த்திருந்தார். பின்னர் எடுத்துக் குடித்தார்.

"இப்பதான் எங்க ராய் திரும்பி வந்தான்," என்று கிளைவ் அவர் தோளைத் தட்டினார்.

மூன்றாவது, பழைய மருந்துக் கடை. சிறுசிறு இழுப்பறைகளில் மருந்துப் பெயர்கள் மங்காதிருந்தன. அங்கே ராயை எவரும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்த வேண்டியிருக்கவுமில்லை. அழைத்துப்போக ஹிலரி வந்தபோது, அவர் கையில் இருந்தது நான்காவது கோப்பை.

அவள் வாயிலிலேயே நின்றாள். சினம் கொள்ளவில்லை.

"அஞ்சு மாசம் ஒன்பது நாள், அப்பா," என்றாள். பிறகு கிளைவிடம் திரும்பி, மருத்துவர் சொன்னதையும் திங்கட்கிழமைப் பரிசோதனையையும் நான்கே வாக்கியங்களில் சொன்னாள்.

கிளைவின் முகம் வெளிறியது. "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே," என்றார் ராய். "வேண்டாம்னு சொன்னேன்."

ராயை ஏற்றிக்கொண்டு ஹிலரியின் கார் நகர்ந்து மறைந்தது. திங்கட்கிழமை இரத்தத்தில் என்ன தெரியவரும் என்பது நண்பர் மூவருக்கும் இப்போது தெரியும். மீண்டும் முதல் நாளிலிருந்து எண்ண ராயின் உடலில் ஆறு திங்கள் எஞ்சியிருக்குமா என்பது எவருக்கும் தெரியாது.

"உனக்குத் தெரியாதுல்ல, விடுப்பா," என்றார் நெவில்.

"தெரிஞ்சாதான் அவனை விடணுமா?" என்றார் கிளைவ். அவர் கோப்பை பாதியில் நின்றிருந்தது. "ஒருத்தன் வேண்டாம்னு சொன்னா, அந்த ஒரு சொல்லே போதும். காரணம் கேக்கறதுக்கு நாம யாரு? பாசம்னு நினைச்சு ஊத்தினேன், நெவில். அவன் உசிரு மேல ஊத்தியிருக்கேன்."