பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை

அலாரம் அடிக்கும் முன்பே எழுந்தான். பல் தேய்த்தான். முகம் மழித்தான். சட்டைக் காலரை மட்டும் இஸ்திரி போட்டான். ரொட்டியை நின்றபடியே தின்றான். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தடவை பார்த்தான். ஏழரைக்கு வாசலில் மச்சான் ஹாரன் அடித்தார்.

மச்சான், அவனுடைய செத்துப்போன மனைவியின் அண்ணன். பஸ் ஓட்டுபவர். "வருஷம் திரும்பிடுச்சு மாப்ள. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா ஆச்சா?" என்று பழைய பந்தயக் கார் விழாவுக்கு அவரே டிக்கெட் எடுத்திருந்தார். போன வருடம் அவன் தனியாகப் போன அதே விழா. அவன் அங்கே இருந்தபோதுதான் வீட்டில் அவளுக்கு மாரடைப்பு வந்தது. அதற்குச் சற்று முன்னால் போன் செய்திருந்தாள். "இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்று சாவு வீட்டில் சொன்னான். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

மைதானத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். தரையோடு தரையாகப் படுத்திருந்த சிவப்பு வண்டியைப் பார்த்து மச்சான் கன்னத்தில் கை வைத்தார்.

"ரெண்டு பேர் உக்கார்ற வண்டிக்கு இத்தன நீள மூக்கா? என் பஸ்ஸையும் அம்பது வருஷம் போத்தி வச்சா கும்பிட வருவாங்களா மாப்ள?"

"இப்பவே அதுல ஏறுறவங்க சாமி கும்பிட்டுத்தான் ஏறுறாங்க, மச்சான்."

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கை.

ஒலிபெருக்கி கரகரத்தது. மணி பன்னிரண்டு. வழக்கம்போல ஒரு மணி வரை எல்லா வண்டிகளும் நிறுத்தப்படும். கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏறி உட்காரலாம். இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. சிவப்பு வண்டிக்கு வரிசை கட்டினார்கள். மச்சான் அவனை இழுத்துக்கொண்டு போய் அதில் நின்றார். எங்கோ ஒரு குழந்தை ஐஸ்கிரீமுக்கு அழுவது துல்லியமாகக் கேட்டது.

மச்சானின் முகம் மெல்ல மாறியது.

"வருஷா வருஷம் இப்படித்தான் நிறுத்துவாங்களா?"

"ம்."

"அவ போன் பண்ணது பன்னெண்டு இருவதுக்கு. அவ போன்ல நானே பாத்தேன்."

போன வருடம் மட்டும் நிறுத்தவில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினான்.

"கேட்டுச்சு மச்சான். நல்லாவே கேட்டுச்சு. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, வர முடியுமான்னா. இந்த வண்டியில உக்கார எனக்கு முன்னாடி நாலே பேர். ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்னேன்."

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர், "போங்க சார்" என்றார். இருவரும் அசையவில்லை.

"உக்காந்தியா?"

இத்தனை வருடத்தில் மச்சான் அவனை ஒருமையில் கூப்பிட்டதே இல்லை.

"உக்காந்தேன்."

"அவ என்ன சொன்னா, கடைசியா?"

"'சரி, உக்காந்துட்டே வாங்க. அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்குங்க.'"