மாமா கொடுத்த வாக்குமூலங்கள்

குளியலறைக் கதவு ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. அடியில் காலைக் கொடுத்துத் தூக்கினால்தான் சாத்த முடியும். அன்று காலை மாமாவுக்கும் அவர் மகனுக்கும் அதைப் பற்றித்தான் தகராறு.

"நாளைக்குக் கண்டிப்பா அடியைச் சீவிடறேன்பா."

"உன் நாளைக்கு எந்த ஸ்டாப்பிங்ல நிக்குதுன்னு சொல்லு, நானே போய் ஏத்திட்டு வரேன்."

மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மருமகள், வாயில் கவ்வியிருந்த குண்டூசியோடு சிரித்தாள்.

மத்தியானம் அணையைத் திறந்துவிட்டார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு தெருவுக்குள் நடந்து வந்தது. அவளை மாடியேற்றிவிட்டு, எதிர்வீட்டில் படுக்கையாகக் கிடந்தவரைத் தூக்கிவர இருவரும் கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள். மாமா மட்டும் மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு மிஞ்சினார்.

அதன் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு நையாண்டிகூட வரவில்லை. படுக்க மாட்டார், நாற்காலியிலேயே இருப்பார். வலது கை எப்போதும் மூடியே இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டும்.

ஒருநாள் துணி உலர்த்தப் போனவள், மொட்டைமாடி விளிம்பில் நின்றவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவந்தாள். "சும்மா காத்து வாங்க வந்தேன்மா" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, ஓரமாக வைத்திருந்தார். காற்று வாங்க யாரும் கண்ணாடியைக் கழற்றுவதில்லை.

மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உதவி தேடக் கிளம்பினாள். உதவி எண்ணில் பாட்டுப் போட்டார்கள். அவளுடைய அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் சொன்னது, பிறகு இணைப்பு அறுந்தது. சுகாதார நிலையத்து டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே தூக்க மாத்திரை எழுதினார். "வயசானா அப்படித்தான்." சொந்தக்காரர்கள் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மனசு ஏதோ நனைந்த துணி, பிழிந்து போட்டால் காய்ந்துவிடும் என்பது மாதிரி.

கடைசியில் சமூகக் கூடத்துக்கு ஒரு ஆற்றுப்படுத்தும் குழு வந்தது. எல்லாருக்கும் மஞ்சள் பனியன். 'உங்களோடு நாங்கள்' என்று முதுகில் அச்சடித்திருந்தார்கள். முதுகில் இருந்ததால் அவர்கள் கிளம்பும்போதுதான் படிக்க முடிந்தது.

முதல் வாரம் ஒரு இளம்பெண். "முதல்லேருந்து சொல்லுங்கய்யா." மாமா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கைகோத்து இறங்கியதிலிருந்து கை காலியானது வரை சொன்னார். அடுத்த வாரம் வேறொரு பையன். "முதல்லேருந்து சொல்லுங்க." அதற்கடுத்த வாரம் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், கூடவே படம் எடுக்க ஒரு ஆள். மாமா அதே வார்த்தைகளில் அப்படியே ஒப்பித்தார். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து நாள் கணக்காகச் சோறு இறங்காது.

"இனிமே அங்க போக வேண்டாம் மாமா."

"போகாம இருக்கக் கூடாதும்மா. ஆஜராகலைன்னா ஒருதலையா முடிச்சுடுவாங்க."

"எதை?"

"விசாரணையை."

துணி வெட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது.

"ஆளை மாத்தி மாத்தி அனுப்பறது எதுக்குன்னு நினைக்கிற? ஒரே மாதிரி சொல்றானா, மாத்திப் பேசறானான்னு பாக்கத்தான். எங்க டிப்போலயும் இப்படித்தான் பண்ணுவாங்க. கை நழுவிச்சா, நான் விட்டேனான்னு அவங்க முடிவு பண்ணணும் இல்ல?" மூடிய கையைப் பார்த்துக்கொண்டே, "தீர்ப்பு எப்படி வந்தாலும் நீ தைரியமா இருக்கணும்" என்றார்.

அவள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். ஒருங்கிணைப்பாளர் மேசையில் வண்ணப் பென்சில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"முதல் வாரம் வந்த பொண்ணு எங்க சார்?"

"வேற ஊர்ல போட்டிருக்கோம்மா. எங்க ஆளுங்க எல்லாருக்கும் பயிற்சி கிடைக்கணும் இல்லையா?"

"பயிற்சிக்கு எங்க வீட்டுச் சாவுதான் கிடைச்சுதா?"

"மெதுவாப் பேசுங்க."

"நான் தையல்காரி சார். ஒரு சட்டைக்கு ஒருதரம் அளவெடுப்பேன், எடுத்தா தச்சுக் கொடுப்பேன். நீங்க ஆளாளுக்கு வந்து அந்த மனுஷனை அளவெடுத்துட்டுப் போறீங்க. ஒருத்தராவது ஒரு தையல் போட்டீங்களா? அவர் தன்னைக் குற்றவாளின்னு நினைச்சுக்கிட்டு உங்ககிட்ட வாக்குமூலம் கொடுத்துட்டு இருக்கார், தெரியுமா?"

"உங்களுக்கே கவுன்சலிங் தேவைப்படுது போலிருக்கேம்மா."

"ஆமா, தேவைதான்! புருஷனைப் பறிகொடுத்தவளுக்குத் தேவைப்படாதா? அது எங்க கிடைக்கும்னுதானே ஊரெல்லாம் கேட்டுட்டு அலையறேன்!"

பென்சில்களைத் தள்ளிவிட்டு மேசை மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அவளை எப்படியாவது கிளப்பினால் போதும் என்றாகிவிட்டது அவருக்கு. பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் மனநல டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்றார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையேம்மா."

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கதவு. உள்ளே மின்விசிறி கடகடத்தது. காலுக்கடியில் ஸ்டூல் போட்டு ஒரு நடுவயதுப் பெண் டாக்டர் உட்கார்ந்திருந்தார். மாமா உட்காருவதற்குள்ளேயே மருமகள் முந்திக்கொண்டாள். மாடி விளிம்பு, மடித்து வைத்த கண்ணாடி, விசாரணை, எல்லாவற்றையும் கொட்டினாள். "முதல்லேருந்து மட்டும் கேக்காதீங்க டாக்டர்."

"கேக்கலைம்மா." டாக்டர் மாமாவின் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க மேல எந்தக் கேஸும் இல்லை. இது விசாரணை இல்லை. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

மாமா கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டார்.

"தோணுதும்மா" என்றார் மாமா.

இந்த ஒரு கேள்விக்காகவா அவள் இத்தனை நாள் அலைந்தாள்? அத்தனை மஞ்சள் பனியன்களில் ஒருவருக்குக்கூட இதைக் கேட்க வாய் வரவில்லை.

டாக்டர் வெகுநேரம் பேசினார். மாத்திரை எழுதினார், என்ன மாத்திரை, எதற்கு என்று இருவருக்கும் சொன்னார். "செவ்வாய்க்கிழமை வாங்க. நீயும்தாம்மா, உனக்குத் தனியா."

"அடுத்த வாரம் யாரும்மா இருப்பாங்க?" மாமா கேட்டார்.

"நான்தான்."

"உங்களை மாத்திட்டா?"

"மாத்தினா, முன்னாடியே உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

மாமா அந்த டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லணும்" என்றார். "முன்னாடியே சொல்லணும்மா. அன்னிக்குச் சொல்லியிருந்தா…" முதல் தடவையாக அழுதார்.

செவ்வாய்தோறும் போகிறார்கள். சில செவ்வாயில் மாமா வாயே திறப்பதில்லை, டாக்டரும் விட்டுவிடுகிறார். ஒருநாள் பஸ்ஸில் சில்லறை இல்லாமல் தடுமாறிய இளம் கண்டக்டரைப் பார்த்து ஏதோ நையாண்டி சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். மாடிச் சாவி இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது.

மகன் சீவாமல் விட்டுப்போன குளியலறைக் கதவைச் சீவ ஆள் கூப்பிடட்டுமா என்று ஒருதரம் கேட்டாள். மாமா குளியலறைக்குள் போனார். அடியில் காலைக் கொடுத்துத் தூக்கினார். கதவு சாத்திக்கொண்டது.