தலைகீழாக ஒரு தீப்பந்தம்

அப்பாவின் தலைக்கடியில் இன்னொரு தலையணையைச் செருகி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள் மகள். கையை எடுத்ததுமே அவர் மறுபடி மல்லாந்து கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பணக்காரர் கட்டிய மாளிகை. இப்போது பலகைத் தடுப்பு அடித்து ஏழெட்டுக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். இவர்கள் பங்குக்கு வந்த அறையில் கூரைக்கு மட்டும் பழைய பவிசு குறையவில்லை. சுண்ணச் சாந்தில் பூச்சரங்கள், துணி போர்த்திய ஜாடி, அதன்மேல் சாய்ந்து நிற்கும் சிறகு முளைத்த பையன். அவன் கையில் தலைகீழாக ஒரு தீப்பந்தம். அம்மாவுக்கு அது கல்யாண வீட்டு அலங்காரம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா அவனுக்குச் ‘செக்கர்’ என்று பேர் வைத்திருந்தார். டிக்கெட் வாங்காதவனைப் பிடிக்க ஏறியவன் மாதிரியே பார்க்கிறானாம்.

மகளுக்குத்தான் சிக்கல். பழைய கட்டடங்களை அளந்து வரையும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஐரோப்பியச் சிற்ப வழக்கத்தில் அந்த ஜாடி அஸ்தி வைப்பது, கவிழ்த்த பந்தம் முடிந்துபோன உயிர் என்று அவளுக்குத் தெரியும். வரையும்போது உறுத்தாத விஷயம், இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்ட நாளிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை. கட்டிலை நகர்த்தவோ இடமில்லை. அப்பா அந்தப் பந்தத்தைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் அறைக்குள் வரும்போதே எதையாவது பேசிக்கொண்டு வந்தாள்.

அன்று மதியம் கேட்டேவிட்டார்.

“அவன் ஏன் தீயைக் கீழ பாத்துப் பிடிச்சிருக்கான்?”

சும்மா அழகுக்கு என்றாள். நிமிர்த்திப் பிடித்தால் சாந்து நிற்காது, அதனால்தான் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“பொய் சொல்லணும்னா மட்டும் நீ வேகமாப் பேசுவே. உனக்குத் தெரியும்ல? சொல்லு.”

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அணைக்கிறான்பா. பந்தத்தைக் கவுத்து அணைக்கிறான். அவ்வளவுதான்.”

அப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கவே கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

“அணைக்கத்தானா?” என்றார் கடைசியில். “நான் தீயை என் மேல போடப் போறான்னு நெனச்சேன். படுத்ததுலேர்ந்து அதே பயம். உங்கம்மாகிட்ட சொன்னா சிரிப்பா.”

கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைத் தேடினார். கொடுத்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ தையல் மெஷினை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினார்கள். அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. அது நிற்கும்போதெல்லாம் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை அவளால் அதற்குமேல் பிடிக்க முடியவில்லை. அவள் மூச்சு மட்டும்தான் வந்தது.

கையை எடுக்கப் பயமாக இருந்தது.

“சூப் ஆயிடுச்சு. அவருக்கு எடுத்துட்டு வரட்டுமா?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

“கொஞ்ச நேரம் போகட்டும்மா.”

ஆறிவிடும் என்று அம்மா தனக்குள் சொல்லிக்கொள்வது கேட்டது. பிறகு, பாத்திரத்தைத் தட்டு போட்டு மூடும் சத்தம்.