அஸ்தி கரைத்த அன்றைக்கு மத்தியானம்

பள்ளி விடுமுறைக்கென்று என் தம்பி மதீசன் பங்கோர் தீவில் அறை எடுத்து வைத்திருந்தான். இடையில் அப்பா போய்விட்டார். சுடலையில் எலும்பு பொறுக்கும் காடாத்து முடிந்து அஸ்தியை வீட்டுக்கு வெளியே வைத்திருந்தபோது மெல்ல என் பக்கத்தில் வந்தான்.

"எப்படியும் கடல்லதான் கரைக்கணும், அக்கா. லூமுட்ல கரைச்சா என்ன, பங்கோர்ல கரைச்சா என்ன? காலையில காரியத்த முடிச்சிட்டு, ஒரு நா தங்கிட்டு வரலாம்லா. எம்மக ஷர்மினியும் பாவம், ஆசையா இருந்தா."

அவனை அங்கேயே நாலு வாங்கு வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டைவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கலாம் என்று கேட்டதும் என் வாய் அடைத்துப்போனது, அதுதான் உண்மை.

பெண்கள் அஸ்தி கரைக்கப் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என்னைப் போகச் சொன்னது அம்மாதான். மதீசனை நம்பி ஒரு குடம் தண்ணீரைக்கூட அனுப்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"கரைச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும், மாது," என்றாள். "பாத்தா அவரு போகமாட்டாரு. நம்ம பின்னாலேயே வந்துருவாரு. அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம அலைவாரு. அவன் திரும்பாம நீதான் பாத்துக்கணும்." சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா விஸ்வலிங்கத்துக்கு அவள் கடைசியாகச் செய்ய நினைத்தது அது ஒன்றுதான். மதீசன் மனைவி அவளுக்குத் துணையாக வீட்டில் இருந்துவிட்டாள், ஷர்மினி எங்களோடு வந்தாள்.

பங்கோரின் தெலுக் நிப்பா கரையிலிருந்து படகில் போனோம். எதிரே இருக்கும் குட்டித் தீவுக்குப் பாதி தூரத்தில் ஐயர் நிறுத்தச் சொன்னார். மதீசன் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, அஸ்திச் சட்டியைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டான். செவ்வந்தி மாலையையும் அப்படியே போட்டான். தொப்பென்று சத்தம் கேட்டது, அவ்வளவுதான். படகு திரும்பும்போது அவன் கழுத்து லேசாகத் திரும்பியது. முழங்கையில் நறுக்கென்று கிள்ளினேன்.

"நேரா பாரு."

"பாக்கல, அக்கா."

கரையில் தலை முழுகினோம். ஐயர் ஃபெர்ரி பிடித்துக் கிளம்பினார். அம்மாவுக்கு 'நல்லபடியா முடிஞ்சது' என்று மதீசன் செய்தி அனுப்பினான். அதோடு அறைக்குள் போய்ப் படுத்திருந்தால் நான் மனுஷி.

சாப்பிட்டு முடித்ததும் ஷர்மினி என் சட்டை நுனியைப் பிடித்தாள். "அத்தை, ஸ்நோர்கலிங் போலாமா? தாத்தா கோவிச்சுக்குவாங்களா?"

முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி முடியும்வரை துடக்கு. கோயில் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. அதைச் சொல்லி அவளை அடக்கத்தான் வாயைத் திறந்தேன். "சரி, கொஞ்ச நேரம் போலாம்," என்று வந்துவிட்டது. மதீசனே என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

முதலில் பனானா போட். மஞ்சள் ரப்பர் மிதவையில் மூன்று பேரும் வரிசையாக உட்கார, ஒரு விசைப்படகு இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு வளைவில் எங்களை வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டார்கள். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. லைஃப் ஜாக்கெட் கழுத்துவரை ஏறிவந்து, நான் ஆமை மாதிரி மிதந்தேன். ஷர்மினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு குட்டித் தீவுக்குக் கூட்டிப்போய் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிவிட்டார்கள். தலையைத் தண்ணீருக்குள் வைத்ததும் வெளிச்சத்தம் எல்லாம் நின்றுபோனது. கறுப்பு மஞ்சள் கோடு போட்ட மீன்கள் என் விரலைச் சுற்றிச் சுற்றி வந்தன. அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து வீட்டில் 'மாது, மாது' என்ற குரல் ஓய்ந்ததே இல்லை. தண்ணீர் கேட்பார். தலையணையை நகர்த்தச் சொல்வார், நகர்த்தினால் பழையபடி வைக்கச் சொல்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை, எரிந்து எரிந்து விழுவேன். இனிமேல் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அந்தத் தண்ணீருக்குள் மனசு சொன்னது. சந்தோஷமாகச் சொன்னது, பாவி மனசு.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, அலை என்னைத் தீவிலிருந்து கொஞ்சம் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. தலையைத் தூக்கினேன். கைக்கு எட்டும் தூரத்தில் செவ்வந்தி மாலை மிதந்துகொண்டிருந்தது.

"மதீசா," என்றேன். அவனும் பார்த்துவிட்டான்.

"வேற யாராச்சும் போட்டதா இருக்கும்லா, அக்கா," என்றான். குரலில் சுரத்தே இல்லை. காலையில் கழுத்தைத் திருப்பியதற்கு அவனைக் கிள்ளியவள் நான். இப்போது மத்தியானம் முழுக்க முகமூடி போட்டுக்கொண்டு அந்தக் கடலையே உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்ததற்கு என்னை யார் கிள்ளுவது?

கரையேறித் துண்டைக்கூட எடுக்கவில்லை, அம்மா வீடியோ காலில் வந்தாள். மதீசனும் ஷர்மினியும் லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்கள். போனை அவர்கள் பக்கம் காட்டாமல் திருப்பிப் பிடித்தேன்.

"காலையில முழுகுனது இன்னுமா தல காயல?" என்றாள் அம்மா. "நல்லாத் தொவட்டும்மா, சளி புடிச்சிரும்."

"சரிம்மா."

"அவன் ஒழுங்கா செஞ்சானா?"

"செஞ்சான்மா."

"திரும்பிப் பாக்கலியே?"

"இல்லம்மா. யாருமே பாக்கல."

அம்மா நிம்மதியாகிவிட்டாள் என்று நினைத்தேன். போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருந்ததில் அவள் நெற்றியும் பின்னால் அப்பாவின் காலிக் கட்டிலும்தான் தெரிந்தன.

"நீயாச்சும் ஒரு தடவ பாத்திருக்கலாம், மாது," என்றாள்.

"நீங்கதானம்மா பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்லா." மூக்கை உறிஞ்சினாள். "வீடு ரொம்ப சும்மா கெடக்கு. பின்னாலேயே வந்தா வரட்டுமேன்னு இருக்கு."

பார்த்தேன் அம்மா என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் நான் பார்த்தது மீனை. மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து மீனைப் பார்த்தேன். அதை எந்த வாயால் சொல்வது?

"நாளைக்கு வந்துருவோம்மா," என்றேன்.

"மெதுவா வாங்க," என்றாள் அம்மா. "நீயும் எத்தன நாளா வீட்டுலயே கெடந்த. கொஞ்ச நேரம் கடலப் பாத்துட்டு வா."